வெள்ளச்சிக்கு ஒரு வீடு வேண்டும்

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதையும், உன் முட்டுவலி கொஞ்சம் மட்டுப்பட்டிருப்பதையும் படித்து மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பதில் போடத் தாமதமானதற்கு ஒரு நாய்தான் காரணம். கோபித்துக்கொள்ளாதே.

நான் போய்வரும் நாய்க் காப்பகத்தைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பிலிருந்து ராஜபாளையம் சாதிப் பெட்டை நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வயதிருக்கும். மோட்டார் ரூம் பக்கத்தில் மாட்டுச் சங்கிலியில் கட்டிக் கிடந்திருக்கிறது. சங்கிலி கழுத்துச் சதைக்குள் பதிந்து, புண்ணில் புழு வைத்துவிட்டது. டாக்டர் மயக்க ஊசி போட்டு இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுக்க எடுக்க, நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உடம்பெல்லாம் சொறி, காது மடல் நிறைய உண்ணி. வெள்ளை நாய் என்பதே குளிப்பாட்டிய பிறகுதான் தெரிந்தது. வெள்ளச்சி என்று பெயர் வைத்தோம்.

விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்த அதற்கு வயிறாரச் சோறு போடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் போடக் கூடாது வசந்தா. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகத் தீனி போட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி, இதயமே நின்றுபோகலாம். அதனால் கோழியை வேகவைத்துக் குழைத்த சோறு, வேளைக்கு ஒரு கைப்பிடி, நாளுக்கு ஆறு வேளை. தட்டை நக்கி முடித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும். இன்னொரு பிடி போடாமல் எழுந்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தோப்புக்காரரிடம் ஏன் இப்படிக் கட்டிப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "சொன்ன பேச்சு கேக்காதும்மா. கூப்புட்டா வராது, கிட்டப் போனா கடிக்க வரும்" என்றார். முரட்டு நாய் என்றுதான் நானும் நினைத்தேன். பத்தாம் நாள் சாப்பாட்டு நேரம். கரண்டியால் தட்டைத் தட்டினால் அத்தனை நாயும் கம்பியில் ஏறி நிற்கும். இது மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பின்னால் போய் நின்று விசில் ஊதினார். காது அசையவே இல்லை.

அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்தச் சாதியில் இது அடிக்கடி நடப்பதுதானாம். தூய வெள்ளை வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததன் பலன். தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடுகின்றன. டால்மேஷியன் சாதி நாய்க்கும் இதே கதிதான். மற்றக் குட்டிகள் ஓடுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் ஓடிவருவதால், வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. மூன்று வருஷமாகக் கேட்காத குரலுக்கு வரவில்லை என்று அடி வாங்கியிருக்கிறது அது. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் பதறிக் கடிக்காமல் என்ன செய்யும்?

எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை நடக்க விடாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அதே தொகைதான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

இப்போது எல்லாரும் அதன் கண்ணில் படும்படி முன்பக்கமாகத்தான் அதனிடம் போகிறோம். தூங்கினால் தொடுவதில்லை; தள்ளி நின்று தரையை மிதிப்போம், அதிர்வில் கண் திறக்கும். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் 'வா' என்று அர்த்தம். வந்தால் ஒரு துண்டு கோழி. முதல் பன்னிரண்டு நாள் கையை விரித்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதற்குக் கை என்றால் அடி. நான் கூண்டுக்குள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, மடியில் கையை விரித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். போன வியாழக்கிழமை ஈர மூக்கு என் சுண்டுவிரலில் பட்டது. கோழியை எடுக்கவில்லை. தாடையை என் கையில் வைத்துவிட்டு அப்படியே நின்றது. கழுத்துத் தழும்பில் புது முடி, பஞ்சு மாதிரி. நான் அசையாமல் அழுதேன்.

தடுப்பூசி போட்டாயிற்று. எடை ஏறியதும் கருத்தடை ஆபரேஷன். அதன் பிறகு ஒரு வீடு வேண்டும். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் சுற்றுச்சுவர் உள்ள வீடாக இருக்க வேண்டும். பதறி எழுகிற நாய் என்பதால் சின்னக் குழந்தைகள் இருக்கக் கூடாது. பேத்தி மட்டும் இல்லையென்றால் உன்னிடமேதான் கேட்டிருப்பேன். உங்கள் தெருவில் ரிடையர் ஆன வாத்தியார் தம்பதி தனியாக இருப்பதாக எழுதியிருந்தாயே, அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறாயா? அவசரமில்லை. முதலில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. 2005இல் தபால்துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் இருந்தது. உன் ஆல்பத்தில் இருக்கிறதா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளச்சியின் கூண்டுக் கதவில் ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
ராஜி