பின்பக்கம் போய்ப் பாரு அம்முணி

அம்முணி,

சாப்டியா. நாலு நாளா உன்ற கிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. வாட்ஸப்பு சைனாவுல சரியா வேலை செய்யாதுன்னு தம்பி சொல்றான், வீசாட்டுனு ஒண்ணு என்ற போன்ல போட்டுக் குடுத்துருக்கான், அதுல உன்ற படம் தெரியுது, நான் அனுப்புனது வந்துச்சா வரலையான்னு எனக்குப் புரியல, அதான் மெயில்லயே எழுதறேன். இங்க வெடியால அஞ்சு மணி. அங்க ஏழரை ஆயிருக்கும், எந்திரிச்சிருப்ப. உங்கம்மா புரட்டாசி மாசத்துல புள்ள அங்க என்னத்தத் திங்குதோன்னு ராத்திரியெல்லாம் பொலம்பறா, பருப்புப்பொடி தீந்துபோச்சான்னு கேக்கச் சொன்னா.

நீ கடைசியா அனுப்புன அந்த அலை வீடியோவத்தான் திரும்பத் திரும்பப் பாத்துட்டு இருக்கறேன். ஹைனிங்ல, சியன்தாங் ஆத்துல. ஆத்துத் தண்ணி கடலுக்குப் போறதுதான் நமக்குத் தெரியும், கடல்ல இருந்து ஆத்துக்குள்ள திரும்பி மேல ஏறி வருது, இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் வெள்ளையா ஒரு செவுரு மாதிரி. அவங்க கணக்குல எட்டாம் மாசம் 18-ஆம் நாள்தான் பெருசா வருமாமே, பௌர்ணமி கழிஞ்ச மூணாம் நாள். சரியா அன்னிக்குப் போய் நின்னுருக்கற. சுத்திப் பாக்கறதுல ஒண்ணும் தப்பில்ல, ஹாங்சோவுல இருக்கற சீ ஹூ ஏரியையும் பாத்துட்டு வா, நான் இத்தன வருசம் தொழில் பண்ணி பாம்பேயத் தாண்டுனதில்ல. பேங்குல மேனேஜர் கேட்டாரு, பாப்பா எங்கீங்கன்னு. சைனாவுல ஃபேக்டரி பாக்கப் போயிருக்குதுங்க, தனியாத்தான் போயிருக்குதுன்னு சொன்னேன், சுத்தி இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அதே சமயத்துல டிக்கெட் போட்டதுக்கப்புறம்தான் எனக்குச் சொன்ன பாத்தியா, அது இன்னும் மனசுல உறுத்திட்டேதான் இருக்குது. திருப்பூர்ல பொறந்துட்டு நீச்சல் டிரஸ்ஸுக்குத் துணி தேடி சைனா போகோணுமான்னு உங்க சித்தப்பன் கேட்டான், அந்த ட்ரைகாட்டு துணி வார்ப் நிட்டுடா, நூல நீளவாக்குல ஓட்டிப் பின்றது, நம்மூர் ரவுண்டு மிசின்ல அது வராதுன்னு நான்தான் அவனுக்கு வெளக்கிச் சொன்னேன்.

சரி விசயத்துக்கு வாரேன். ஃபேக்டரின்னு சொல்றவங்க எல்லாம் ஃபேக்டரி கெடையாது. கேச்சாவ் துணி மார்க்கெட்டுல கடை வெச்சுட்டு சொந்தமா மிசின் ஓடுதுன்னு சொல்லுவாங்க, அதுல பாதி டிரேடிங்தான். லைசென்ஸ் காட்டச் சொல்லு, அதுல உற்பத்தின்னு போட்டிருக்குதான்னு போன்ல மொழிபெயர்த்துப் பாத்துக்க. லைசென்ஸ்ல இருக்கற கம்பெனி பேரும் பேங்க் அக்கவுண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும், தனி ஆள் பேருக்கு ஒரு பைசா அனுப்பாத. 30 பர்சன்ட் அட்வான்ஸ், மீதி 70 சரக்கக் கப்பல்ல ஏத்துனதுக்குக் குடுக்கற பி.எல் காப்பி பாத்ததுக்கப்புறம், அதுக்கு மேல எவன் கேட்டாலும் எந்திரிச்சு வந்துரு. நடுவுல அக்கவுண்ட் நம்பர் மாறிப்போச்சுன்னு மெயில் வந்தா நம்பாத, நேர்ல ஆளக் கூப்புட்டுப் பேசு. முன்னாடி ஆபீசுல டீ குடுத்து சாம்பிள் ரேக்க காட்டி அனுப்பிருவாங்க, நீ பின்பக்கம் போய்ப் பாரு. அக்டோபர் 1-ல இருந்து ஒரு வாரம் லீவு விட்டுருவாங்க, எல்லாம் பூட்டிக் கெடக்கும், அதுக்குள்ள முடிச்சுப்போடு.

துணி எடை பாக்கறதுக்கு வட்டமா வெட்டற ஜிஎஸ்எம் கட்டர் கொண்டுபோயிருக்கறதான. துணிய ரப்பர் மேட்டு மேல சுருக்கம் இல்லாம விரிச்சுப்போட்டு, கட்டர அழுத்தி ஒரு திருகு, வட்டமா வர்ற துண்டத் தராசுல வெய்யி, அது சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, 1.9 கிராம் வந்தா 190 ஜிஎஸ்எம், சதுர மீட்டருக்கு 190 கிராம். ஓரத்துல வெட்டாத, நடுவுல வெட்டு, ரோலுக்கு மூணு எடத்துல வெட்டிப் பாரு. சாம்பிள்ல 190 காட்டிட்டு ரோலுல 170 அனுப்பறது எல்லா ஊர்லயும் உண்டு. அப்புறம் வெள்ளை பனியன் துணிய நனைச்சு கலர் துணி மேல பத்து தேய் தேய்ச்சுப் பாரு, அதுல கலர் ஒட்டுச்சுன்னா அந்த டையிங் வேண்டாம். குளோரின் தண்ணிக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேளு, நீச்சக்கொளத்துல போடற டிரஸ்ஸு, நாலு தடவை போட்டாலே வெளுத்துரும்.

டையிங் எங்க பண்றாங்கன்னு கேளு. வேற எடத்துல பண்றோம்னு சொன்னா அங்கயும் போய்ப் பாரு. கேச்சாவ் இருக்கற சாவ்சிங் பக்கம் டையிங் யூனிட்ட எல்லாம் ஒரே ஏரியாவுக்கு மாத்திட்டாங்கன்னு படிச்சேன். உன்ற துணி நைலான், அதுக்குப் போடறது ஆசிட் டைங்கற சாயம், நம்ம காட்டனுக்குக் கொட்டற மாதிரி உப்பு கொட்ட வேண்டியதில்ல, ஆனாலும் சாயத்தண்ணி சாயத்தண்ணிதான். பின்பக்கம் போய் பைப்பு எங்க போய் முடியுதுன்னு பாரு, எவ்வளவு ரேட் கம்மியா குடுத்தாலும் சரி, அதப் பாக்காம ஆர்டர் போடாத.

கெளம்பறதுக்கு முந்துன ராத்திரி பொட்டி அடுக்கிட்டு இருந்தப்ப நீ ஒண்ணு கேட்ட. நம்ம சாயப்பட்டறைத் தண்ணி அப்ப எங்கப்பா போச்சுன்னு. அதெல்லாம் உனக்கெதுக்கு, பாஸ்போர்ட்ட எடுத்து வெய்யின்னு கத்திப்போட்டேன். அடுத்த நாள் பீளமேடு ஏர்போர்ட்டுல நீ உள்ள போறப்ப ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல, லைன்ல நின்னு பையச் சரி பண்ற வரைக்கும் நானும் உங்கம்மாளும் கண்ணாடிக்கு வெளியதான் நின்னுட்டு இருந்தோம்.

அம்முணி, உனக்கு எட்டு வயசிருக்கும். பட்டறையில ராத்திரி என்ற கூட இருக்கேன்னு அடம் பண்ணி வந்த. நான் பத்து மணிக்கு மேல பின்னால போய் வால்வைத் தொறந்தேன், நீ டார்ச் புடிச்சுட்டு பின்னாலயே வந்துட்ட, தண்ணி கத்திரிப்பூ கலர்ல நொரை கட்டி ஓடையில எறங்குச்சு, ஏம்ப்பா இந்தக் கலர்ல இருக்குதுன்னு கேட்ட, நோம்பிக்குக் கலர் கரைச்சதுன்னு சொன்னேன். நீ நம்புன. அடர்த்தியான கலருக்கு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு போடுவோம், கலர எடுத்தாலும் உப்பு தண்ணிய விட்டுப் போகாது, உப்பப் பிரிக்கற ஆர்ஓ மிசின் ஓட்டுனாத்தான் போகும், ஆர்ஓ ஓட்டுனா கரண்ட் பில்லு தாங்காது. அதனால பாதித் தண்ணிய மட்டும் சுத்தம் பண்ண அனுப்பிட்டு மீதிய ராத்திரியில விட்டேன். மழை பேஞ்சா பகல்லயே விட்டேன், வெள்ளத்தோட போயிரும்னு. எல்லாரும் பண்றாங்கன்னு சொல்லிக்கிட்டேன். உன்ற ஸ்கூல் பீசு, தம்பி பீசு, ஊட்டுக் கடன் எல்லாம் அந்தக் காசுதான்.

ஓடையில விட்டது நொய்யலுக்குப் போச்சு, நொய்யல் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போச்சு. பாசனத்துக்குன்னு 1992-ல தொறந்த அணை அது, சாயத்தண்ணித் தொட்டியாப் போயிருச்சு. அப்புச்சி கெணறு எப்புடி ஆச்சு, தென்னை எப்புடி ஆச்சுன்னு உனக்கே தெரியும். எருமை அந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டத நான் நேர்ல பாத்தேன். என்ற மாமா, உங்கம்மாளப் பெத்த அப்புச்சி, என்னை ஒரு வார்த்தை கேக்கல. மாப்பிள்ள, நாத்தக் காத்து வராத எடமாப் பாத்து உக்காருங்கன்னு சொல்லி இளநி வாங்கிட்டு வந்து வெட்டிக் குடுத்தாரு. அவரு தோட்டத்துக்கே இளநி கடையில வாங்க வேண்டியதாயிருச்சு.

2011 ஜனவரியில கோர்ட்டு எல்லா சாயப்பட்டறையும் மூடுன்னு சொன்னப்ப கோர்ட்டத் திட்டுனேன், வெவசாயிகளத் திட்டுனேன், ஊட்டுல உக்காந்துட்டு உங்ககிட்டயும் திட்டுனேன். என்ற வால்வப் பத்தி யார்கிட்டயும் பேசல. உங்கம்மாளுக்குக் கூட முழுசாத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் கேட்டதில்ல. நீ கேட்டுப்போட்ட. நீ கேட்டது தப்பில்ல சாமி, நான் கத்துனதுதான் தப்பு.

அதனாலதான் சொல்றேன், ஃபேக்டரிக்காரன் சிரிச்சுட்டு டீ குடுப்பான், அவனும் என்னை மாதிரி புள்ள குட்டிக்காரனாத்தான் இருப்பான், பின்பக்கம் போய்ப் பாரு. ரேட்டுல பத்து ரூவா எச்சாப் போனாலும் பரவால்ல, நான் தர்றேன்.

மாமாகிட்ட நான் இன்னும் சொல்லல. நீ வந்ததும் ஒட்டுக்கா ஒரு எட்டு தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம், நான் சொல்றப்ப நீ பக்கத்துல இரு. திரும்பி வர்றப்ப கட்டர பெரிய பொட்டியில போடு, பிளேடு இருக்குது, கைப்பையில வெச்சா புடுங்கிக்குவாங்க. மெயில் பாத்ததும் ஒரு வரி போடு, சாப்டேன்னு மட்டும் போட்டாக்கூடப் போதும்.

அப்பா