சைக்கிள் சங்கத்தின் ஆண்டறிக்கை: பணிமனையும் டியூபுலர் டயர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை சவாரியும் ஏற்காடு மலையேற்றமும் வழக்கம்போல் நடந்தன, அவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆண்டு பணிமனைக்கு வந்த வேலையில் பெரும்பகுதி டியூபுலர் டயர், அதாவது சக்கரத்தின் ரிம்மில் பசையால் ஒட்டும் டயர். ஆகவே இந்த அறிக்கையிலும் பெரும்பகுதி அதுதான்.

இப்போது ஏன் இத்தனை டியூபுலர் என்று சிலர் கேட்டார்கள். ஐரோப்பியத் தொழில்முறை அணிகள் பல பத்தாண்டுகள் டியூபுலரில்தான் ஓட்டின. 2019இல் நார்வே வீரர் அலெக்சாண்டர் கிறிஸ்டோஃப் பெல்ஜியத்தின் கென்ட்-வெவெல்கெம் பந்தயத்தை டியூப்லெஸ் டயரில் வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான அணிகள் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டன. அவர்கள் கைவிட்ட வகைச் சக்கரங்கள், குறிப்பாக ரிம் பிரேக் (ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் பிரேக்) கார்பன் சக்கரங்கள், பழைய பொருள் சந்தையில் மலிந்துவிட்டன. எடை குறைவு, விலையும் குறைவு என்று நம் உறுப்பினர்கள் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒட்டத் தெரியாமல் அதற்குப் பிறகுதான் பணிமனைக்கு வருகிறார்கள்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண டயரின் ஓரத்தில் கம்பி அல்லது கெட்டி நாரிழை இருக்கும், அது ரிம்மின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். டியூபுலரில் அப்படி எதுவும் கிடையாது. டியூபைச் சுற்றிக் கேசிங்கை, அதாவது டயரின் துணி உடலை, மடித்து, அடியில் நூலால் தைத்து, தையலின் மேல் பேஸ் டேப் என்ற பட்டையை ஒட்டியிருப்பார்கள். முழு வட்டக் குழாய் அது. ரிம்மும் வெறும் ஆழமற்ற பள்ளம்தான். டயரையும் ரிம்மையும் சேர்த்துப் பிடிப்பவை பசையும் காற்றழுத்தமும் மட்டுமே. கொக்கிச் சுவர் இல்லாததால் ரிம் இலகுவாகிறது, ஒரு சக்கரத்துக்கு 100 கிராம் அளவுக்கு மிச்சம். குழியில் விழுந்தாலும் ரிம் ஓரம் டியூபைக் கடிப்பது அபூர்வம். காற்று இறங்கிய பிறகும் டயர் ரிம்மிலேயே இருக்கும், சரியாக ஒட்டியிருந்தால். இந்த அறிக்கை முழுவதும் அந்த நிபந்தனையைப் பற்றித்தான்.

சக்கரம் வாங்குமுன் பள்ளத்தின் வளைவைப் பாருங்கள். பழைய குறுகலான ரிம்கள் 20 முதல் 23 மி.மீ. டயருக்காகச் செய்யப்பட்டவை. அதில் 28ஐ ஏற்றினால் ஓரம் தொட்டு நடுவில் இடைவெளி விழும். அகலமான புது ரிம்மில் 21ஐப் போட்டால் ஓரம் ஒட்டாமல் நடுவில் மட்டும் உட்காரும். பசை போடாமல் டயரை மாட்டி, காற்றடித்து, ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தாலே ஓர இடைவெளி தெரிந்துவிடும். கார்பன் ரிம் என்றால் பிரேக் பிடிக்கும் பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். வீங்கியிருந்தாலோ அலையலையாக இருந்தாலோ அது வெப்பத்தில் கெட்ட ரிம். என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

டயரைத் தேர்ந்தெடுப்பதில் நம் சாலைகளுக்கு 25 மி.மீ.தான் எங்கள் பரிந்துரை. ஃபிரேமில் இடமிருந்தால் 28. பருத்திக் கேசிங்கும் லேட்டெக்ஸ் (இயற்கை ரப்பர்) டியூபும் உள்ள விட்டோரியா கோர்சா, வெலோஃபிளெக்ஸ், சேலஞ்ச் வகைகள் மிருதுவாக உருளும். ஆனால் லேட்டெக்ஸில் காற்று நிற்காது. ஓரிரவில் ஒரு பார் (காற்றழுத்த அளவு) வரை இறங்கும், சிலவற்றில் அதற்கு மேலும். ஒவ்வொரு சவாரிக்கு முன்பும் பம்பு எடுக்க வேண்டும். அது பஞ்சர் அல்ல என்று இந்த ஆண்டு எத்தனை முறை சொன்னோமோ! பியூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூபுள்ள கான்டினென்டல் காம்பெட்டிஷன் நாள்கணக்கில் காற்றை வைத்திருக்கும், தேய்மானமும் மெதுவாக நடக்கும். பயிற்சிக்கு என்றால் செக் நாட்டு டூஃபோ. அதில் தனி டியூபே இல்லை, தையலும் இல்லை. ஆகவே பஞ்சரானால் பிரித்துத் தைக்க வழியில்லை, உள்ளே சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றித்தான் சமாளிக்க வேண்டும். மிக மலிவான டியூபுலர்களை வாங்காதீர்கள். கேசிங் கோணலாக இருக்கும், எப்படி ஒட்டினாலும் சக்கரம் சுற்றும்போது பாம்பு போல் நெளியும்.

வால்வின் நடுக்கோர் கழற்றக்கூடியதா என்று கடையிலேயே பாருங்கள். கழலும் வகையில் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும். ஆழமான ரிம்முக்கு வால்வு நீட்டிப்பு போடவும் சீலன்ட் ஊற்றவும் அது வேண்டும். நீட்டிப்பின் மரையில் குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் கசியாது.

டியூபுலரைப் பரணில் போட்டுப் பழுக்க வைத்தால் நல்லது என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. ரப்பர் மாம்பழம் அல்ல. ஆண்டுக்கணக்கில் வைத்தால் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும், பருத்தி உளுத்துப்போகும். வெயில் படாத இடத்தில், ஒரு பழைய ரிம்மில் மாட்டி, சிறிது காற்றுடன் வைத்தால் போதும்.

இனிப் பசை. பணிமனையில் நாங்கள் பின்பற்றும் முறையை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் டயரைப் பசையில்லாமல் வெறும் ரிம்மில் மாட்டி, 7 பார் காற்றுடன் குறைந்தது ஒரு நாள் விட வேண்டும். புது டயர் விறைப்பாக இருக்கும். இழுபடாத டயரைப் பசை பூசிய ரிம்மில் ஏற்றப் போராடினால், பசை ரிம்மைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கும். அலுமினிய ரிம் புதிதென்றால் பள்ளத்தை 120ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். கார்பன் ரிம்மில் உப்புத்தாள் கூடாது, துடைத்தால் போதும். எதனால் துடைக்கலாம் என்பதற்கு ரிம் தயாரிப்பாளர் சொல்வதே முடிவு. துடைத்த பிறகு விரல் படக்கூடாது, கையிலுள்ள எண்ணெய்ப்பசை போதும் ஒட்டைக் கெடுக்க.

ரிம்மில் மெல்லிய ஒரு பூச்சு, ஓரத்திலிருந்து ஓரம் வரை, சிறு பிரஷ்ஷால். விரலால் பூசுவோர் உண்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் காயவிட்டு இரண்டாம் பூச்சு. மறுபடி 24 மணி நேரம். இடையில் டயருக்கு லேசாகக் காற்றடித்தால் அது தானாகவே புரண்டு பேஸ் டேப் வெளிப்பக்கம் வரும். அதிலும் ஒரு பூச்சு, பருத்தி டேப் பசையைக் குடித்துவிட்டால் இன்னொன்று. புது ரிம், புது டயர் என்றால் 30 கிராம் டியூப் பசை ஒன்று ஒரு சக்கரத்துக்குச் சரியாக இருக்கும், சில சமயம் ஒன்றரை ஆகும். தடிமனாக ஒரே பூச்சில் முடிப்பவர்களுக்கு மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் வளைவில் வழுக்கும். பணிமனைக்கு வந்த தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

மூன்றாம் நாள் ரிம்மில் கடைசியாக மெல்லிய பூச்சு. பத்து, பதினைந்து நிமிடம் கழித்து, விரல் வைத்தால் இழுக்கும் பதத்தில் டயரை ஏற்ற வேண்டும். சக்கரத்தைத் தரையில் துணிமேல் நிறுத்தி, வால்வுத் துளை மேலே இருக்கட்டும். டயரில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. வால்வை நேராகச் செருகி, இரண்டு கையாலும் டயரைக் கீழ்நோக்கி இழுத்து இழுத்து இருபக்கமும் இறக்குங்கள். கடைசி ஒரு சாண் மிச்சமிருக்கும்போது சக்கரத்தைத் தூக்கி, கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். லீவர் வேண்டாம். வால்வுக்கு அருகில் இழுவை போதாமல் விட்டால் அங்கே மேடு தட்டும். வால்வு அடியிலுள்ள தடித்த பகுதிக்கு ரிம் துளையின் வாய் சிறிதாக இருந்தாலும் அதே மேடுதான்.

2 அல்லது 3 பார் காற்றுடன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பேஸ் டேப் இருபுறமும் ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். கோணல் இருந்தால் அந்த இடத்தைத் தூக்கித் திருப்பி வைக்கலாம். பசை பிடிக்குமுன் சில நிமிடமே அவகாசம். பிறகு 8 பார் அடித்து, மாப்புக் கம்பின்மேல் சக்கரத்தைக் கிடத்தாமல் நிறுத்தி, உடல் எடையால் அழுத்தி உருட்டுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். பின்னர் முழுக் காற்றையும் இறக்கி, சுற்றிலும் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எங்கேயாவது ஓரம் எழும்பினால் அங்கே ஒட்டவில்லை. நன்றாக ஒட்டிய டியூபுலரைக் கழற்றினால் கை வலிக்க வேண்டும். வலிக்காமல் வந்தால், இத்தனை நாள் அதில் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இருபக்கப் பசையுள்ள டேப் பற்றியும் கேள்வி வந்தது. ரிம்மில் ஒட்டி, மேல் காகிதத்தை விட்டுவைத்து, டயரை நேராக்கிய பிறகு காகிதத்தை உருவிக் காற்றடிக்கும் முறை. சுத்தம், வேகம், நேராக்கவும் எளிது. ஆனால் டயரைக் கழற்றும்போது சில டேப்புகள் பேஸ் டேப்பையே உரித்துக்கொண்டு வரும். அகலம் ரிம்முக்குப் பொருந்தாவிட்டால் ஓரம் பிடிக்காது. வழியில் ஸ்டெப்னி மாட்டினால் அதில் பசைப் பிடிப்பும் குறைவு. செயற்குழுவில் இதுபற்றிக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது, செயலாளர் பசைக் கட்சி.

மலை இறக்கம் தனிப் பிரச்சினை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் 20. ரிம் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறிப் பசை இளகும். டயர் ரிம்மின்மேல் மெல்ல நகர்ந்து வால்வருகே குவியும், வால்வு சாயும். சாய்ந்த வால்வைக் கண்டால் அந்தச் சக்கரத்தில் மேற்கொண்டு இறங்காதீர்கள். வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டு, ரிம்மை ஆறவிட வேண்டும். 2003 டூர் டி ஃபிரான்ஸில், காப் நகருக்கு இறங்கும் சாலையில், வெயிலில் தார் உருகிக் கிடந்தது. ஸ்பெயின் வீரர் ஹோசெபா பெலோகியின் பின்சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. தொடையெலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. பின்னால் வந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் வயலுக்குள் புகுந்து தப்பினார்.

மலைக்குப் போகாதவர்களுக்கும் வெப்பம் உண்டு. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் சக்கரத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வேறு வழியில்லை என்றால் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு, ஓட்டுமுன் மீண்டும் தள்ளிப் பாருங்கள்.

அழுத்தம் பற்றி: டயரில் 10, 12 பார் என்று அச்சிட்டிருப்பது உச்சவரம்பு, பரிந்துரை அல்ல. 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் பின்னால் 7 பார், முன்னால் 6.5 என்று தொடங்கலாம். மழையில் அரை பார் குறையுங்கள். மிகவும் குறைத்தால் டயர் வளைவில் புரண்டு பசையைப் பக்கவாட்டில் கிழிக்கும்.

ஸ்டெப்னியாக, முன்பே ரிம்மில் ஒட்டியிருந்து இழுபட்ட பழைய டயரையே எடுத்துச் செல்லுங்கள். பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, துணிப்பையில் வைத்து, இருக்கைக்கு அடியில் வாரால் கட்ட வேண்டும். வழியில் மாற்றியபின் ரிம்மில் எஞ்சிய பசைதான் பிடிமானம். நல்ல காற்றழுத்தம் வைத்து, வளைவில் சாயாமல், நேராக வீடு போய்ச் சேருங்கள். சிறு முள் என்றால் வால்வு வழியாக 30 மி.லி. சீலன்ட் போதும். கார்பன் டை ஆக்சைடு குப்பி அடித்தவர்கள் வீட்டுக்குப் போனதும் காற்றை மாற்றுங்கள், லேட்டெக்ஸ் வழியே அது வெகு வேகமாக வெளியேறும்.

பஞ்சர் தைப்பு பொறுமைக்காரர்களுக்கு. தண்ணீரில் முக்கினால் குமிழி பெரும்பாலும் வால்வருகே வரும், ஓட்டை வேறெங்கோ இருக்கும். உள்ளே காற்று ஓடி, வழி கிடைத்த இடத்தில் வெளியேறுகிறது. மேலே முள் தைத்த தடத்தைத் தேடுவதே நம்பகமான வழி. அந்த இடத்தில் பேஸ் டேப்பை ஒரு சாண் உரித்து, தையலின் குறுக்கே பேனாவால் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பச் சேர்க்கும்போது துளைக்குத் துளை பொருந்த வேண்டும். ஏழெட்டு சென்டிமீட்டர் நூலை அறுத்து, டியூபை வெளியே எடுத்து, மெல்லிய பேட்ச் போடுங்கள். தடித்த பேட்ச் ஓட்டும்போது துடிக்கும். தைப்பதற்குச் செருப்புத் தைப்பவர்களின் மெழுகு நூல் மிகப் பொருத்தம். பழைய துளைகளிலேயே தையுங்கள், டியூபை விரலால் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு. பேஸ் டேப்பை ஒட்ட லேட்டெக்ஸ் பசைதான், ரிம் பசை அல்ல. முழுதும் முடிய ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

இந்த ஆண்டு நிறைவேறிய தீர்மானங்கள் இரண்டு. சங்கப் பந்தயத்தில் டியூபுலரில் ஓட்டுபவர்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு காற்றை இறக்கி, கட்டைவிரல் சோதனை காட்ட வேண்டும். ஓரம் எழும்பினால் மாற்றுச் சக்கரத்தில் ஓட்டலாம், அந்தச் சக்கரத்தில் முடியாது. இரண்டாவது, பணிமனையில் ஒட்டும் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒட்டிய தேதியை ஸ்போக்கில் சீட்டாகக் கட்ட வேண்டும். ஓராண்டு கடந்த ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டித் தருவோம். பழைய பசை மெல்லியதாகச் சுத்தமாக இருந்தால் அதன் மேலேயே ஒரு பூச்சு போதும், பழுப்பேறிப் பொருக்கு விட்டிருந்தால் சுரண்டித்தான் ஆக வேண்டும். வேறு கம்பெனிப் பசையை அதன் மேல் பூச மாட்டோம்.

பசை டின்னை மூடாமல் போனவர் யார் என்று இதுவரை தெரியவில்லை. புது டின் அலமாரியில் இருக்கிறது, சாவி பொருளாளரிடம்.

இங்ஙனம்,
செயலாளர்