பத்தொன்பதாம் நாள் கிடைத்த சாவி

குழந்தைகள் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அவற்றின் அருகே குடும்ப விடுதி நடத்தும் அறக்கட்டளையினருக்கும்,

வணக்கம்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்று உறுதியான அன்று என் கையில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். ஒப்புதல் படிவம், ரத்தம் ஏற்ற ஒப்புதல், மருந்து அட்டவணை, பக்கவிளைவுப் பட்டியல், கட்டண விவரம். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். "இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பீர்கள்?" என்ற கேள்வி அதில் எந்தக் காகிதத்திலும் இல்லை.

வார்டில் உடனிருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. அவளுடைய அம்மா இருந்தாள். நான் கீழ்த்தளத்துக் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலியில் கிடந்தேன். ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலிகள். யாரும் படுத்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துத்தான் செய்திருப்பார்கள் போல. அப்படிப் பதினெட்டு இரவுகள். மூன்று வயது மகனைத் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். அவன் தினமும் போனில் ஒரே கேள்வியைக் கேட்டான், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான்.

பத்தொன்பதாம் நாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் கசங்கிய சட்டையைப் பார்த்தார். "தம்பி, நீங்க இன்னும் கீழயா படுக்கிறீங்க? பின்னாடி விடுதி இருக்கே, யாரும் சொல்லலையா?"

பின்வாசல் வழியாக நடந்தால் ஐந்து நிமிடம். அன்று மாலையே சாவி கிடைத்தது. அறைகள் காலியாகத்தான் இருந்தனவாம், முதல் நாளிலிருந்தே.

இடமே இல்லை என்றால் அது வேறு சண்டை. இருந்த இடத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதைத்தான் எழுத வந்தேன். இது யாரோ ஒருவருடைய அலட்சியம் என்றும் நான் நினைக்கவில்லை. மருத்துவர் மருந்தைப் பார்த்தார். செவிலியர் ஊசியைப் பார்த்தார். சமூகப் பணியாளர் தன் மேசைக்கு வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கடிதம் கொடுத்தார். அப்படி ஒரு மேசை இருப்பது தெரிந்தவர்களே அங்கே போய்க் கேட்டார்கள். கேட்கத் தெரியாதவனுக்கு நாற்காலி.

பாதிப் பழி என் மேலும் உண்டு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அந்தப் பக்கம் ஒரு பலகையைப் பார்த்தேன். "ஏழை நோயாளிகளின் குடும்பங்களுக்கான இலவசத் தங்குமிடம்" என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நான் மாதச் சம்பளக்காரன், ஏழை என்று என்னை நானே நினைத்ததில்லை. மூன்றே மாதத்தில் அந்த நினைப்பு தானாகக் கரைந்தது என்பது வேறு கதை. அறக்கட்டளையினரே, அந்தப் பலகையில் இருக்கிற முதல் சொல்லை எடுத்துவிடுங்கள். "சிகிச்சையில் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு" என்றால் போதும். தூரத்திலிருந்து வந்தவன், வேலைக்கு லீவு போட்டு வந்தவன் எல்லோரும் உள்ளே வரலாம். வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்குங்கள், தப்பே இல்லை.

விடுதி என்பது சிகிச்சைக்கு வெளியே நிற்கிற தர்மம் என்று நிர்வாகிகள் பலர் நினைப்பதாகப் படுகிறது. அப்படி இல்லை என்று எனக்கு ஒரே இரவில் புரிந்தது.

முதல் கட்டக் கீமோ பாதி ஓடிய பிறகு மகளை வார்டிலிருந்து அனுப்பினார்கள். ஊருக்குப் போகக் கூடாது, அருகிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் நான்கு மணி நேரம். அந்த வாரம் அவளுக்குக் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கியிருந்தது. கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. தெர்மாமீட்டர் 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேரத்தைப் பார்க்காமல் ஓடி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இரவு பதினொன்றரைக்கு 38.6 காட்டியது. போர்வையோடு தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். பன்னிரண்டு மணிக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறத் தொடங்கிவிட்டது. இப்படி வருகிற குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட்டுவிட வேண்டும் என்பது பல புற்றுநோய்ப் பிரிவுகள் தமக்குத் தாமே வைத்துக்கொண்டிருக்கும் கெடு. மருத்துவமனைக்குள் கடிகாரம் வைத்து அளக்கிறீர்கள். ஆனால் அந்தக் குழந்தை வாசலுக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது எந்தக் கடிகாரத்திலும் இல்லை. எங்களுக்கு அன்று ஐந்து நிமிடம் ஆனது. ஊரில் இருந்திருந்தால், வண்டி உடனே கிடைத்திருந்தாலும், நான்கு மணி நேரம்.

இது ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தவர்களை ஏறக்குறைய முதல் 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள். குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில் இருக்க, பெற்றவளை மட்டும் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அவள் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பால் எடுத்துக் கொடுக்க வேண்டும், குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் தோலோடு தோல் வைத்திருக்க வேண்டும். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் போகொட்டாவில், இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் தொடங்கிய அந்தக் கங்காரு முறையை இன்று உலகமே சிபாரிசு செய்கிறது. அம்மா எங்கே தூங்குவாள் என்று யோசிக்காமல் அதை மருந்துச்சீட்டில் எழுதி என்ன பயன்?

இந்தச் சிந்தனை புதிதும் அல்ல. 1950-களில்கூடப் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் பெற்றவர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் மட்டுமே குழந்தையைப் பார்க்கலாம். அந்த வழக்கத்தை விடச் சொல்லி 1959-இல், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை அங்கே வந்தது. 1988-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனுக்காக உழைக்கும் ஐரோப்பிய அமைப்புகள் கூடி எழுதிய பத்து அம்ச சாசனம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெற்றோர் எல்லோருக்கும் தங்க இடம் தர முன்வர வேண்டும், அதனால் அவர்களுக்குக் கூடுதல் செலவோ வருமான இழப்போ வரக் கூடாது என்றது. சிகிச்சையில் உள்ள குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்களில் முதலாவது 1974-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் திறந்ததன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ். நரம்பணுக் கட்டியான நியூரோபிளாஸ்டோமாவை நிலை பிரித்துப் பார்க்கும் முறையை 1971-இல் வகுத்தவரும் அவரே. கட்டிக்கு நிலை வகுத்த அதே ஆள் பெற்றவர்களுக்குக் கூரையும் தேடினார். இரண்டும் ஒரே வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மும்பையில் 2006-இல் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா மையங்களும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தங்க இடம் தருவதைத்தான் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டன.

கணக்கு பேசினால்தான் காதில் ஏறும் என்றால் அதையும் பேசுகிறேன். ஊர் தூரம் என்பதற்காக மட்டும் டிஸ்சார்ஜ் செய்யாமல் வைத்திருக்கிற ஒவ்வொரு குழந்தையும் அவசரமாக வருகிற இன்னொரு குழந்தையின் படுக்கையில் படுத்திருக்கிறது, வார்டுக் கிருமிகளின் நடுவில். அடுத்தது, பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. எங்கள் மகளுக்கு வந்த வகை ரத்தப் புற்றுநோய்க்கு மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு. திட்டமிட்ட சிகிச்சைக்குத் தொடர்ந்து 4 வாரமோ அதற்கு மேலோ வராமல் போனால், "கைவிட்டவர்" என்று பதிவாகிறது. குழந்தைப் புற்றுநோயில் வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள் என்றும், வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்த இடைவெளிக்கு அது சொல்லும் காரணங்களில் இந்தக் கைவிடுதலும் ஒன்று. எங்கள் பக்கத்து அறைக்காரர் விடுதிக்கு வருவதற்கு முன் ஒரு முறை அப்படிப் பாதியில் ஊருக்குப் போனவர். மகனைக் கைவிட்டுப் போனாரா என்ன? வாடகை அறைக்குக் கொடுக்கக் காசு தீர்ந்துபோனது, போனார். பதிவேட்டில் அதற்கு ஒரே சொல்தான் இருக்கிறது.

இனி விடுதிக்காரர்களிடம்.

உங்கள் சமையலறைக்கு நான் வாழ்நாள் கடன்காரன். அலமாரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தட்டு, அறை எண் ஒட்டிய டப்பாக்கள், இரவு பத்து மணிக்கு அடுப்பைத் துடைக்கிற முறை. வார்டில் மூன்று வாரம் அழாத என் மனைவி அந்த அடுப்படியில் நின்றுதான் அழுதாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு அக்கா வந்து பாத்திரத்தை வாங்கி, "நீ போய் உட்காரு, நான் கிளறுறேன்" என்றார். மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த போர்ட்டில் ஊசி குத்துவதற்கு முன் மரத்துப்போகும் களிம்பை எத்தனை நிமிடம் முன்னால் தடவ வேண்டும், ஸ்டீராய்டு வாரத்தில் குழந்தை ஏன் அப்படி எரிந்து விழும், முடி கொட்டுவதற்கு முன்பே எப்படிச் சொல்லி வைப்பது என்பதெல்லாம் நாங்கள் கற்றது அங்கேதான்.

அதே அடுப்படியில்தான் ஒருவர் யாரோ கொடுத்த பொடியைப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். நாங்கள் மருத்துவரிடம் கேட்டோம், தப்பித்தோம். கேட்காதவர்களும் இருந்தார்கள். வாரம் ஒரு மாலை ஒரு செவிலியர் அந்தச் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தால் போதும். வகுப்பெல்லாம் வேண்டாம், சும்மா வந்து உட்காரட்டும்.

உங்கள் விதிகளில் சிலவற்றோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். மகனைப் பதினோரு நாள் பார்க்காமல் இருந்து ஒருவழியாக வரவழைத்தபோது வார்டன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவன் போகும் பாலர் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை. "இவனுக்கு ஒன்றுமே இல்லையே" என்று கத்தினேன். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவும், தொற்றிய பிறகு வெளியே தெரிய 21 நாள் வரைகூட ஆகலாம், எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள் நிறைந்த வீட்டில் அது உயிரையே கேட்கும் என்று மறுநாள் மருத்துவர் விளக்கினார். வார்டன் செய்தது சரி. ஆனால் அவர் காரணத்தைச் சொல்லவில்லை, விதியை மட்டும் சொன்னார். அறை காலியாக இருக்கும் நாளிலாவது அம்மா அப்பா இருவரையும், உடல்நலத்தோடு இருக்கிற கூடப்பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துத் தங்க விடுங்கள். "ஒருவர் மட்டும்" என்ற விதிக்குச் சின்னம்மை மாதிரி ஒரு காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

இன்னொன்று. ஒரு காலையில் ஏழாம் எண் தட்டிலிருந்த டப்பாக்கள் இல்லை. எண் ஒட்டிய தாளையும் கிழித்திருந்தார்கள், பாதி பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் இரவுதான் அந்த அறைப் பையன் வார்டில் இறந்துபோயிருந்தான். விதிப்படி "நோயாளி" இல்லை என்பதால் அறை உரிமையும் இல்லை. அவன் அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார். இரண்டு நாள் விடுங்கள். சாவியை யாராவது பிறகு போய் வாங்கிக்கொள்ளலாம்.

நிர்வாகிகளே, கட்டடம் கேட்கவில்லை. முதல் நாள் தருகிற காகிதக் கட்டில் ஒரு தாள் கூடுதலாக வையுங்கள். இன்றிரவு யார் எங்கே தங்குகிறார்கள், வீடு எத்தனை மணி நேரத் தொலைவு, வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா. மூன்றே கேள்வி. கேட்டு எழுதுவது மருத்துவமனையின் வேலையாக இருக்கட்டும். குடும்பம் தேடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பரிந்துரைக் கடிதம் அந்தத் தாளிலிருந்தே போகட்டும்.

மகளுக்கு இப்போது பராமரிப்புக் கட்டம். தினமும் மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனைக்கு வந்து போகிறோம். அந்தத் தாளை நானே தட்டச்சு செய்துவிட்டேன். பின்பக்கத்தில் பின்வாசலிலிருந்து விடுதிக்குப் போகும் வழியையும் வரைந்திருக்கிறேன், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி. அடுத்த முறை வரும்போது ஐம்பது பிரதி கொண்டு வருகிறேன். எந்த மேசையில் வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினெட்டு இரவு நாற்காலியில் கிடந்த ஒரு தகப்பன்