ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஹார்ட் அட்டாக் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மணிக்கட்டில் கறுத்துப் போயிருந்த இடம் இப்போது மஞ்சளாகிவிட்டது, பேனா பிடிக்க வருகிறது. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ கேட்பதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவிடம் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

ட்ரோபோனின் (இதயம் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிறதே, அது) எவ்வளவு, இதயத்தின் எந்தக் குழாயில் அடைப்பு, எத்தனை சதவீதம், அதை விரித்து வைக்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ன என்று எல்லாம் கேட்டாய். அப்பாவும் ரிப்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாக கேமரா முன்னால் பிடித்துக் காட்டினார். தப்பில்லை, நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பயம் வந்தால் கணக்குப் போடுவாய். ஆனால் ஒவ்வொரு நாளும் கடைசியில், "நான் பக்கத்துல இல்லாம போயிட்டேனே" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாய். எனக்கும் பதில் சொல்ல வரவில்லை. அந்த நாலு நாளும் என் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீ யார்மேல் கோபமாக இருக்கிறாயோ, அந்த முதல் டாக்டர் என்னிடம் ரொம்ப அன்பாகத்தான் பேசினார். தோளில் தட்டி, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, வெறும் கேஸ், மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷம், மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் "முதுகு வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி" என்று ஆரம்பித்தபோதே அவர் எழுத ஆரம்பித்துவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் ராத்திரி எமர்ஜென்சியில் பார்த்த டியூட்டி டாக்டருக்குச் சிரிப்பே வராது போல. உன்னைவிடச் சின்னப் பையன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவன் செய்த முதல் காரியம், கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுதான். "சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான், அப்புறம் வாயே திறக்கவில்லை.

நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியுமே. முதுகில் தொடங்கினேன், தூக்கம் வராததைச் சொன்னேன், மூட்டு வலியைச் சொன்னேன், நடுவில் அப்பாவின் காது கேட்காததைக்கூடச் சொன்னேன். அவன் வாட்சைப் பார்க்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்தாயிற்று என்று நினைத்து, சும்மா வாய்க்கு வந்தபடி, "மாடிப்படி ஏறினா தாடை வலிக்குது, நின்னா போயிடுது, பல்லுதான் போல" என்றேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எத்தனை நாளா?" மூன்று வாரமாக என்றேன். நடந்தால் வந்து, நின்றால் போகிற வலி பல் வலி இல்லையாம். இதயத்துக்குப் போகிற ரத்தம் போதாமல் போனால் தாடையிலும் வலிக்குமாம். பெண்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற வலி பெரிதாக இல்லாமல், இப்படித் தாடை, முதுகு, குமட்டல், மூச்சுத் திணறல் என்று சுற்றி வளைத்து வருவது ஆண்களைவிட அதிகம் என்றான்.

முதல் ஈ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார். "ஒரு தடவ நல்லா வந்தா மட்டும் போதாதும்மா" என்று சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுத்தான், ரத்தத்தையும் இரண்டு தடவை எடுத்தான். இரண்டாவது தடவை ட்ரோபோனின் ஏறியிருந்தது. நீ கேட்ட அந்த நம்பர் அங்கே இருந்துதான் வந்தது, தம்பி.

வீட்டுக்கு வந்தபிறகு, படுத்தே கிடக்கிறவளுக்கு வேறென்ன வேலை, இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1984-ல் டாக்டர்கள் நோயாளிகளிடம் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியிலேயே டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறாராம். என் தாடை எத்தனையாவது நிமிஷத்தில் வந்தது என்று யோசித்துப் பார். (நீயும் போனில் கிட்டத்தட்ட 18 விநாடிதான். கோபித்துக்கொள்ளாதே.)

சரி, அந்த டியூட்டி டாக்டரிடமே வருகிறேன். அவன் என் நெஞ்சில் வைப்பதற்கு முன்னால் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். கேட்காமல், சொல்லாமல், கை தன்னாலே செய்தது. அந்தக் கருவி வந்த கதையும் அப்படிப்பட்டதுதான். 1816-ல் பிரான்சில் லென்னெக் என்ற டாக்டர், ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் நேராகக் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டாராம்.

காலையில் இதயக் குழாயில் அடைப்பைப் பார்க்கிற ஆஞ்சியோவுக்குப் போவதற்கு முன் டிரிப்ஸ் ஏற்ற ஒரு சிஸ்டர் வந்தது. சின்னப் பெண். என் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஒரு குத்து, இரண்டு குத்து. மூன்றாவதுக்கு ஊசியைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டது. "எனக்கு வரலம்மா, உங்களுக்குத்தான் வலிக்குது, சீனியர் அக்காவைக் கூப்பிடுறேன்" என்றது. அந்த அக்கா வருகிறவரை வெந்நீரில் நனைத்த துணியை என் கைமேல் சுற்றி வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றது. அக்கா வந்து ஒரே குத்தில் ஏற்றிவிட்டார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஊசியைக் கீழே வைத்த அந்தப் பெண்தான். தனக்கு வரவில்லை என்று நாம் எத்தனை பேர் வாய் திறந்து சொல்லுகிறோம்?

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்துப் போனால் உலகம் எப்படித் தெரியும் தெரியுமா? விளக்கு, விளக்கு, விளக்கு, நடுவில் யாரோ ஒருவருடைய மோவாய். எங்கே போகிறோம் என்றே தெரியாது. அவர் தள்ளிக்கொண்டே, "இப்ப வலது பக்கம் திரும்புறோம்மா", "சின்ன மேடு வருது, ஆடும்", "லிஃப்ட்டுக்குள்ள போறோம், கைய உள்ள வச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. குரலைக் கேட்டால் இப்போதும் கண்டுபிடித்துவிடுவேன்.

பெரிய டாக்டர் உள்ளே போவதற்கு முன் அப்பாவிடம் பேசினார். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் சத்தம் போடவில்லை. சம்மதம் எழுதி வாங்கிய பேப்பருக்குக் கீழே இருந்த வெள்ளைத் தாளை உருவி, பேனாவால் ஒரு இதயம் வரைந்தார். பார்க்க மாங்காய் மாதிரிதான் இருந்தது. அதன்மேல் மூன்று குழாய். முன்பக்கக் குழாயில் ஒரு இடத்தைக் கறுப்பாக அடித்து, "இங்கதான்" என்று எழுதிக் காட்டினார். அதற்குப் பக்கத்தில் ஒரு சுருளையும் வரைந்தார், அதுதான் ஸ்டென்ட். அந்தத் தாளை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரிப்போர்ட் ஃபைல் எங்கே என்று கேட்டால் தேடுவார், அந்தத் தாளைக் கேட்டால் உடனே எடுத்துவிடுவார்.

உள்ளே மயக்க மருந்து கிடையாது, மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி. எல்லாம் முழிப்போடுதான். பயந்துதான் போனேன், மறைக்க மாட்டேன். என் தலைமாட்டில் கனமான ஈய அங்கி போட்டுக்கொண்டு ஒரு சிஸ்டர் நின்றது. என்ன செய்தாலும் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். "குழாய் சுருங்காம இருக்க மருந்து போடுறாங்க, கை சுள்ளுனு எரியும், பத்து எண்ணுங்க, போயிடும்." எரிந்தது, எட்டு எண்ணுவதற்குள் போய்விட்டது. "இப்ப பலூன் விரிக்கிறாங்க, அந்த நேரம் ரத்தம் போகாது, அதே வலி வரும், பயப்படாதீங்க, பலூனைச் சுருக்கினதும் நின்னுடும்." வந்தது. தம்பி, அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வலி வந்திருந்தால், முடிந்தது கதை என்று நினைத்திருப்பேன். முன்கூட்டியே தெரிந்த வலி பாதி வலிதான். இதையும் 1964-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வயிற்று ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் வந்து, எங்கே வலிக்கும், எப்படிச் சமாளிப்பது என்று பேசிவிட்டுப் போனவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்தில் பாதிதான் தேவைப்பட்டதாம்.

அன்று ராத்திரி ஐ.சி.யூ. எல்லோரும் தூங்குகிறார்கள், மிஷின் மட்டும் கத்துகிறது. மூன்று மணி இருக்கும், என் தலைக்கு மேலேயே ஒன்று கத்த ஆரம்பித்தது. ராத்திரி சிஸ்டர் ஓடி வந்து பார்த்து, நெஞ்சில் ஒட்டியிருந்ததைச் சரிசெய்து, "வயர் கழண்டுருக்கு, உங்க ஹார்ட் இல்ல" என்றது. போய்விடும் என்று நினைத்தேன். நாலடி போய்த் திரும்பி வந்தது. "உங்களுக்கு இனிமே ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும். இதோ பாருங்க" என்று மானிட்டரை என் பக்கம் திருப்பி, பச்சைக் கோடு எது, நீலக் கோடு எது என்று சொல்லிக்கொடுத்தது. அப்புறம் நான் தூங்கவில்லைதான். ஆனால் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், பயமில்லை.

எல்லோரும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். பகலில் ஒரு சிஸ்டர் எனக்கு ஆகவே ஆகாது. பெல் அடித்தால், "ஒரு தடவ அடிச்சா போதும்" என்று முகத்தைக் காட்டும். எனக்கும் ரோஷம் வந்தது. மறுநாள்தான் தெரிந்தது, ஆள் வராததால் அது இரண்டு ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரிந்த பிறகும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மாத்திரையை ஒருநாளும் நிமிஷம் தவறவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வலது மணிக்கட்டில் பட்டை, இடது கையில் டிரிப்ஸ். தலை வாரிக்கொள்ள முடியாது. மூன்று நாள் தலை, எப்படி இருந்திருக்கும்! தரை துடைக்க வந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். ஏன் இரட்டை என்று கேட்டேன். "ஒத்தப் பின்னல் முதுகுல உறுத்தும், படுக்க முடியாது" என்றார். இது எந்தப் படிப்பில் வரும்? அப்பா வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சிரித்தார். நாலு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தைப் பற்றிச் சொன்ன சிஸ்டர், சொல்லி முடித்துவிட்டு, "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றது. புரிந்ததா என்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். திருப்பிச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரையில் ஒன்றை, உடம்பு சரியானதும் நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி நானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடுமாம். மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தது, அலுத்துக்கொள்ளவில்லை.

நேற்று மாடி ஏறினேன். பழக்கதோஷத்தில் பாதிப் படியில் நின்று தாடையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கடைசியாக உனக்கு ஒரு வேலை. பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்னால் இது வந்தால், பிள்ளைகளுக்கும் வரலாம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம். எனக்கு 61. அதனால் நீ கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள், தள்ளிப் போடாதே. அங்கே போகிற டாக்டரிடம் அம்மாவுக்கு வந்ததைச் சொல், தாடையையும் விடாமல் சொல். நீ சொல்லச் சொல்லவே அவர் எழுத ஆரம்பித்துவிட்டால், வேறு ஒருவரைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பா அந்த மாங்காய்ப் படத்தை உன்னிடம் காட்ட வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா