ஒரே அறிக்கையை ஆளுக்குப் பாதியா வாசிக்கிறம்

ஆசிரியருக்கு வணக்கம்,

மே மாதம் வந்தா உங்கட பேப்பரில முள்ளிவாய்க்கால் சிறப்புப் பக்கம் வரும், எங்கட வீட்டில சண்டை வரும். அண்ணை 1983 கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்டு வந்தவர், 2009 மே 10ம் திகதி ரொறன்ரோவில கார்டினர் ஹைவேயை மறிச்ச சனத்தோட அவரும் நிண்டவர். தங்கச்சி அந்த நேரம் முள்ளிவாய்க்கால் பங்கருக்குள்ள. பிறகு மெனிக்பாம் முகாம், அதுக்குப் பிறகுதான் இங்க வந்தவள். இப்ப ரெண்டு பேரும் ஒரே ஸ்காபரோவில இருந்துகொண்டு கதைக்கிறேல்லை, பிள்ளையளின்ர பிறந்தநாளுக்குக் கூப்பிட்டா அவர் மத்தியானம் வந்திட்டுப் போவார், அவள் பின்னேரம் வருவாள்.

ஆமி தானே பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்ச இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செல் அடிச்சது, தப்பி ஆமிப் பக்கம் போக வெளிக்கிட்ட சனத்தை இயக்கம் (புலிகள்) சுட்டது, ரெண்டையும் கண்டனான் எண்டு தங்கச்சி சொல்லுறாள். செல்லடியைச் சொல்லேக்க அண்ணைக்குக் கண் கலங்கும், மற்றதைத் தொடங்கினா "ஆமி சொல்லித் தந்ததைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாய், துரோகி" எண்டு கத்துவார். கைக்குழந்தையோட செல்லடிக்குள்ள ஓடினவளுக்கு இங்க ரீவி பாத்தவர் சொல்லுறார்! 2023 மாவீரர் நாளுக்கு பிரபாகரனின்ர மகள் துவாரகா எண்டு சொல்லி ஒரு வீடியோ வந்துதே, அதை உடன நம்பி எல்லாருக்கும் வட்ஸ்அப்பில அனுப்பினவர், சொந்தத் தங்கச்சியை நம்பேல்லை.

கொழும்பில இருக்கிற மச்சான் இதுக்கு நேர் எதிர். அவரின்ர மகனை இயக்கம் கட்டாயமாப் பிடிச்சுக்கொண்டு போனது, அந்தக் கோபம் நியாயம்தான், ஆனா அந்தக் கோபத்தில அரசாங்கம் சொன்ன "மனிதாபிமான நடவடிக்கை"யையும் அப்பிடியே விழுங்கிப்போட்டார். 2009 தொடக்கத்தில வன்னிக்குள்ள 70 ஆயிரம் பேர்தான் எண்டு சொன்ன அதே அரசாங்கம் கடைசியில 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்குக் கிட்ட முள்வேலிக்குள்ள வைச்சிருந்தது, அது எப்பிடி அத்தான் எண்டு கேட்டா லைன் கிளியர் இல்லையாம்.

அண்ணையும் மச்சானும் காட்டுறது ஒரே அறிக்கையை எண்டதுதான் விசர். ஐநா நிபுணர் குழுவின்ர அறிக்கை, 2011 ஏப்ரலில வெளிவந்தது. பொதுமக்கள் சாவு 40 ஆயிரம் வரை இருக்கலாம், பெரும்பாலும் அரச படையின்ர செல்லடியால எண்ட பக்கத்தை அண்ணை அனுப்புவார். இயக்கம் சனத்தைப் போக விடாமல் மறிச்சு, தப்பினவையைச் சுட்டது எண்ட பக்கம் மச்சானிட்ட இருந்து வரும்.

உங்கட சிறப்புப் பக்கத்திலயும் வருசா வருசம் அண்ணையின்ர பக்கம்தான் வருது. இந்த மே ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில தமிழில போடுங்கோ. உள்ளுக்க இருந்து வந்த சனம் இங்க கனபேர் இருக்கினம், பேர் போட மாட்டம் எண்டா எழுதுவினம். விளம்பரம் தாற ஒண்டு ரெண்டு பேர் போன் எடுத்து ஏசுவினம்தான். ஆனா நான் சொன்னா காதில விழுத்தாத அண்ணை, உங்கட பேப்பரில வந்தா ஏசி ஏசியெண்டாலும் கடைசி வரி மட்டும் வாசிப்பார்.

ஸ்காபரோ வாசகி