ஸ்ட்ரீம் டிலேயை எண்ணாக எழுதுங்கள்: இணையவழிப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிஜிஎம்ஐ, வேலரன்ட் வீடியோ கேம் போட்டிகளையும் ஸ்க்ரிம் எனும் பயிற்சி ஆட்டங்களையும் இணையவழியே நடத்தும் தமிழ் அமைப்பாளர்களுக்கு, ஒளிபரப்புப் பணியில் இருக்கும் எங்களின் வணக்கம்.

ரூம் ஐடியை வெளியே பகிரக்கூடாது, ஹேக் பிடிபட்டால் தடை, ஒரு கில்லுக்கு எத்தனை புள்ளி என்பதையெல்லாம் விதிகளில் துல்லியமாக எழுதுகிறீர்கள். டிலே, அதாவது நேரலையை வேண்டுமென்றே பிந்திக் காட்டுவது, என்று வரும்போது மட்டும் "போதிய டிலே வைக்கவும்" என்று முடித்துவிடுகிறீர்கள். அந்த "போதிய" என்ற சொல்லில்தான் ஸ்ட்ரீம் ஸ்னைப்பிங், அதாவது எதிரணியின் நேரலையைப் பார்த்து அவர்கள் இருப்பிடம் அறிந்து ஆடும் ஏமாற்று, நுழைகிறது. 2020இல் கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டிகள் வீட்டிலிருந்து ஆடப்பட்டபோது, தொழில்முறை அணிகள் மீதே இந்தப் புகார் எழுந்து மின்விளையாட்டு நேர்மையைக் கண்காணிக்கும் ஈஎஸ்ஐசி (Esports Integrity Commission) அமைப்பு விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று. பரிசுப் பணம் சிறியது என்பதால் நம் போட்டிகளில் இது நடக்காது என்று எண்ண வேண்டாம்.

எத்தனை விநாடி என்பதை ஆட்டமே சொல்லிவிடும். வேலரன்ட்டில் வழக்கமான சுற்றுக்கு ஆயுதம் வாங்கும் நேரம் 30 விநாடி, ஆட்டம் 100, ஸ்பைக் (குண்டு) வைத்த பின் 45, ஆக 175. பார்வையாளர் திரையில் சுற்று தொடங்கும்போது களத்தில் அது முடிந்திருக்க வேண்டும் என்றால் 180 விநாடிக்குக் கீழே போகவே கூடாது. 240 வைத்தால் நிம்மதி. பிஜிஎம்ஐயில் கணக்கு வேறு. ஒரு ஸ்குவாட் ஒரு காம்பவுண்டில் பல நிமிடம் அசையாமல் இருக்கும். எங்கே இருக்கிறார்கள், வண்டி இருக்கிறதா, எத்தனை பேர் மிச்சம் என்ற தகவல் ஐந்து நிமிடம் கழித்தும் எதிரணிக்குப் பயன்படும். அதற்கு 600 விநாடி கேட்கிறோம். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸின் பார்வையாளர் முறையில் 3 நிமிட டிலே உள்ளேயே இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் சர்வரில் டிலேயை அமைக்க tv_delay என்ற கட்டளை உண்டு. வேலரன்ட், பிஜிஎம்ஐ அறைகளில் அப்சர்வர் (ஆடாமல், ஒளிபரப்புக்காகக் களத்தைக் காட்டுபவர்) எல்லாவற்றையும் உடனுக்குடன் பார்க்கிறார். அங்கே டிலே போடுவது முழுக்க நம் பொறுப்பு.

போடுவது எளிது. ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அதில் ஸ்ட்ரீம் டிலே. எனேபிள் செய்து விநாடியை இட வேண்டும். என்கோட் ஆன (சுருக்கப்பட்ட) தரவைத்தான் ஓபிஎஸ் ரேமில் பிடித்து வைக்கிறது. 6000 கேபிபிஎஸ்ஸில் 600 விநாடிக்கு 450 எம்பி போதும். "கணினி தாங்காது" என்று சொல்லும் வீரர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஸ்ட்ரீம் ஓடும்போது இந்த எண்ணை மாற்ற முடியாது. போட்டிக்கென்று தனி புரொஃபைல் வைத்துக்கொண்டால் மறுநாள் சாதாரண ஸ்ட்ரீமிலும் பத்து நிமிட டிலே ஒட்டிக்கொண்டு வராது. யூடியூபின் இயல்பான தாமதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பார்வையாளருக்குப் பார்வையாளர் மாறும்.

சிக்கல் போனில் ஆடுபவர்களிடம் இருக்கிறது. போனிலிருந்தே நேராக யூடியூபுக்கு அனுப்புபவருக்கு இந்த ஓபிஎஸ் வசதி இல்லை. யூடியூப் லைவ் கன்ட்ரோல் ரூமில் கூட்டக்கூடிய டிலே 30 அல்லது 60 விநாடி மட்டுமே. பிஜிஎம்ஐக்கு அது போதவே போதாது. போன் திரையைக் கணினிக்குக் கொண்டுவந்து ஓபிஎஸ் வழியாக அனுப்ப முடிந்தவர்கள் ஸ்ட்ரீம் செய்யட்டும். மற்றவர்கள் ரெக்கார்டு செய்து, மேட்ச் முடிந்ததும் ஏற்றட்டும். சேனல் வளரும் ஆசையில் இருக்கும் வீரர்களுக்கு இது வருத்தம் தரும், தெரியும். ஆனால் ஒரே ஒருவர் டிலே இல்லாமல் ஓட்டினாலும் மற்ற எல்லோரும் போட்ட டிலே வீணாகிவிடும்.

உங்கள் அதிகாரபூர்வ ஒளிபரப்பில் தவறுகள் பெரும்பாலும் தொடக்கத்திலும் முடிவிலும் நேர்கின்றன. 600 விநாடி வைத்தால், ஸ்டார்ட் அழுத்திய பின் பத்து நிமிடம் வெளியே எதுவும் போகாது. ஏழு மணி நிகழ்ச்சிக்கு 6.50க்கு முன்பே கவுன்ட்டவுன் காட்சியோடு தொடங்கிவிடுங்கள். முடிவில் ஸ்டாப் அழுத்தினால், ரேமில் மிச்சமிருப்பதை ஓபிஎஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். நின்றுபோய்விட்டது என்று நினைத்து "டிஸ்கார்டு டிலே"யை (discard delay, மிச்சத்தைக் கைவிடு) அழுத்தினால் கடைசி மோதலும் வெற்றி அறிவிப்பும் யாருக்கும் போய்ச் சேராது. மின்சாரம் போனாலும் அதே கதி. கணினிக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடாதீர்கள். ரீகனெக்ட் ஆகும்போது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற "பிரிசர்வ் கட்ஆஃப் பாயின்ட்"டை டிக் செய்தால் எதுவும் விடுபடாது. ஆனால் ஒவ்வொரு அறுபடலுக்கும் டிலே கூடும். முடிவுகளை அறிவிக்கும் நேரத்தை அதற்கேற்பத் தள்ளிப்போடுங்கள்.

டிலேயை ஒரே இடத்தில், யூடியூபுக்கு அனுப்பும் கடைசிக் கணினியில் மட்டும் போடுங்கள். அப்சர்வரின் படம் அங்கே டிலே இல்லாமல் வர வேண்டும். காஸ்டர்களும் (வர்ணனையாளர்களும்) அதே நேரடிப் படத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். டிஸ்கார்டு (Discord) உரையாடல் செயலி வழியாக அவர்கள் குரல் சற்றுப் பிந்தி வந்தால், ஆட்டத்தின் படத்தை ஓபிஎஸ்ஸின் ரெண்டர் டிலே ஃபில்டராலும், ஆட்டத்தின் ஒலியைச் சிங்க் ஆஃப்செட்டாலும் அதே அளவுக்குத் தள்ளுங்கள். ரெண்டர் டிலே ஒன்றுக்கு உச்சம் 500 மில்லிவிநாடி. சுருக்கப்படாத ஃபிரேம்களை அது கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் வைப்பதால், ஸ்னைப்பிங்கைத் தடுக்க அதை நம்ப முடியாது. இந்த நேரடி இணைப்பின் லிங்க் யார் யாரிடம் இருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் வையுங்கள்.

டிஸ்கார்டில் முடிவுகள் சேனலை ஒளிபரப்பு அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை பூட்டி வைப்பதும் உங்கள் வேலைதான். ஒளிபரப்பைத் தேடி வந்து பார்ப்பவருக்கு ஸ்கிரீன்ஷாட்டில் விடை தெரிந்துவிட்டால் அவர் ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

விதி இப்படி இருக்கலாம்: "ஆடுபவரின் ஸ்ட்ரீம் டிலே அதிகாரபூர்வ ஒளிபரப்பின் டிலேக்குக் குறையக்கூடாது, வேலரன்ட்டுக்கு 240, பிஜிஎம்ஐக்கு 600 விநாடி. அட்மின், அறையில் ஓடும் மேட்ச் கடிகாரத்தை ஸ்ட்ரீமில் தெரியும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். குறைந்திருந்தால் அந்த மேட்ச்சின் புள்ளிகள் ரத்து." தண்டனை வேறாக இருக்கலாம். எண்ணும் சரிபார்ப்பும் இல்லாமல் அடுத்த போட்டிக்குப் பதிவைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.