பெரியபாதைக்கு ஒரு வரி மழைச் செய்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

எருமேலியிலிருந்து பம்பைக்குக் காட்டுவழியாக நடந்து போகிற சபரிமலை பெரியபாதையை மழைக்காக மூடுவது தமிழ்நாட்டுப் பக்தர்களை அலைக்கழிக்கிற வேலை என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. மாலை போட்டு விரதம் இருந்து, வேன் பேசி, எருமேலியில் வண்ணம் பூசி ஆடிப் பேட்டை துள்ளி முடித்த கையோடு ‘இன்று காட்டுவழி கிடையாது, பஸ்ஸில் பம்பைக்குப் போங்கள்’ என்றால் யாருக்கும் வயிறு எரியும்தான். ஆனாலும் மூடியதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. மூடியிருக்கிற விஷயம் அங்கே போய் நின்ற பிறகுதானே நமக்குத் தெரிகிறது, கோளாறு அதில் இருக்கிறது. அதில் உங்கள் பத்திரிகை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் சின்னமனூரில் விதைக்கடை வைத்திருப்பவன். வருடா வருடம் மார்கழி முதல் வாரத்தில் எங்கள் பக்கத்துச் சாமிகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போகிற குருசாமி. எருமேலியிலிருந்து பம்பைக்கு 48 கிலோமீட்டர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பேரூர்த்தோடு தாண்டிக் காளைகட்டி வரை ஆள் நடமாட்டம் உள்ள இடம்தான். அழுதை ஆற்றைக் கடந்து மேடு ஏற ஆரம்பித்தால் அப்புறம் கல்லிடுங்குன்று, இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி, கரிவலந்தோடு, கரிமலை என்று பெரியார் புலிகள் காப்பகத்துக் காடு. ஒரே மூச்சில் நடந்துவிடுகிற இளவட்டங்கள் உண்டு. வயசானவர்களும் குழந்தைகளும் இருந்தால் வழியில் ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு ராத்திரி தங்கத்தான் வேண்டும்.

இந்தச் சீசனில் அங்கே மழை இரண்டு தினுசாக வரும். ஒன்று சாயங்கால இடிமழை. காலையில் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் தாவளம், அதாவது வழியில் தங்குகிற இடம், சேர்ந்தால் இதைச் சமாளித்துவிடலாம். இன்னொன்று வங்கக் கடல் புயல் விட்டுவிட்டுப் போகிற மழை. நம் ஆட்கள் ஏமாறுவது இதில்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அப்புறம் ‘புயல் வலுவிழந்தது’ என்று செய்தி வந்ததும் இங்கே எல்லோரும் மூச்சு விட்டோம். வலுவிழந்த அந்தச் சின்னம் மேற்கே நகர்ந்து மலையைத் தாண்டும்போது கேரளத்தில் கனமழை. டிசம்பர் தொடக்கத்தில் இடுக்கி மாவட்டத்தில் காட்டுவழிகளைத் தற்காலிகமாக மூடினார்கள். எங்கள் ஊர்ச் சாமிகள் சிலர், புயல்தான் போய்விட்டதே என்று கிளம்பி, குமுளி ஏறி வண்டிப்பெரியாறு போன பிறகுதான் விஷயம் தெரிந்து விழித்தார்கள். சென்னைக்கு மழை முடிந்தால் மலைக்கும் முடிந்தது என்கிற நினைப்பு நமக்கு எப்படி வந்தது? செய்தி சென்னையோடு நின்றுவிடுவதால்தான்.

அந்த வாசகர், ‘மழையில் நனைந்தால் என்ன, ஐயப்பன் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதியிருக்கிறார். அவர் கரிமலை இறக்கத்தை மழையில் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். இறக்கத்தில் வேரும் பாறையும் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். வெறுங்கால், தலையில் இருமுடி, ஒரு கை அதைப் பிடித்திருக்கும். விழுந்தால் ஊன்றுவதற்கு மிச்சம் ஒரு கைதான். அதனால் எங்கள் குழுவில் மழைநாளில் இருமுடியைத் தோளோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு ஊன்றுகோல் கட்டாயம்.

நனைந்த உடம்புக்குப் பனிமலையில்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஒருமுறை கரிமலை உச்சியில் முதல்முறை மாலை போட்ட எங்கள் கன்னிசாமி ஒருவன், கல்லூரியில் படிக்கிற பையன், ஈர வேட்டியோடு காற்றில் உட்கார்ந்துவிட்டான். பல் கிடுகிடுவென்று அடித்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். சூடாக ஒரு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். நான் முதலில் ஈரத்துணி முழுவதையும் அவிழ்க்கச் சொன்னேன். தலையைத் துவட்டி, காய்ந்த வேட்டியும் போர்வையும் சுற்றி, இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்தோம். சர்க்கரை தூக்கலாகப் போட்ட சாயா அதற்கு அப்புறம்தான். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் தேறிவிட்டான் என்று அர்த்தமில்லை. உளறலும் தூக்கமும் சேர்ந்தால் அது இன்னும் மோசம். ஆளுக்கு ஒரு செட் காய்ந்த துணியைத் தண்ணீர் புகாத பையில் தனியாக வைத்திருப்பது இதற்குத்தான். இருமுடிக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பது சரியான சட்டம். துணிப்பைக்கு வெளியே ஒரு தார்ப்பாய்த் துண்டைச் சுற்றி, திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

ராத்திரி படுக்க விரி பிடிக்கும்போது எல்லோரும் கடை எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். சருகும் சுள்ளியும் ஒரே திசையில் படிந்து கிடந்தால், போன மழைக்குத் தண்ணீர் ஓடிய தடம் அது. அங்கே பாய் விரித்தவர்கள் நடுராத்திரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வேன். தார்ப்பாயின் காற்றடிக்கிற ஓரத்தைத் தாழ்த்தி இழுத்துக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புகுந்து தூக்கிவிடும். இப்போது சில இளைஞர்கள் ஆன்லைனில் வாங்கிய கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு வந்து, தாவளத்தில் கூட்டம் என்று ஒதுக்குப்புறமாகப் படுக்க இடம் தேடுகிறார்கள். தம்பிகளா, அது யானை நடக்கிற இடம். மழைச் சத்தத்தில் யானை வருவது நமக்குக் கேட்காது, நாம் சொல்லும் சரணம் யானைக்கும் கேட்காது. வனத்துறை பிற்பகலுக்கு மேல் உள்ளே விடாததும், ராத்திரி நடக்கவிடாததும் வீம்புக்காக இல்லை.

கல்லிடுங்குன்றில் போடுவதற்காக அழுதையில் முங்கிக் கல் எடுக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். தலைக்குமேல் வெயில் அடிக்கலாம். ஆறு வருவது பீர்மேட்டு மலையிலிருந்து. அங்கே பெய்தால் இங்கே தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வரும். அப்போது கரையோரத்திலேயே ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். 2021 அக்டோபரில் கோட்டயம் மாவட்டம் கூட்டிக்கல்லிலும், அதை ஒட்டி இடுக்கியில் கொக்கயாறிலும் நிலச்சரிவில் எத்தனை பேர் போனார்கள் என்பது நினைவிருக்கும். அதெல்லாம் எருமேலிக்குத் தொலைவு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தேனிப் பதிப்பில் முல்லைப்பெரியாறு நீர்மட்டமும் தேக்கடி மழை அளவும் நாள் தவறாமல் வருகிறது. மலைக்குக் கிளம்புமுன் அதைப் பார்த்துத்தான் நாங்கள் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறோம். அதற்குப் பக்கத்திலேயே கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பெரியபாதை மூன்று மாவட்டத்தில் ஓடுகிறது. எருமேலி கோட்டயத்தில், முக்குழி இடுக்கியில், பம்பை பத்தனம்திட்டாவில். வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கையை மாவட்டவாரியாகத்தான் கொடுக்கிறது. பத்தனம்திட்டாவை மட்டும் பார்த்துவிட்டு வேன் ஏறினால் போதாது. மூன்றுக்கும் அன்றைக்கு மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா, காட்டுவழி திறந்திருக்கிறதா, இவ்வளவுதான் வேண்டும். ஆரஞ்சு என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை, சிவப்பு அதற்கும் மேல் என்பதை வாரம் ஒருமுறை அடியில் போட்டால் பெரியவர்களுக்கும் புரியும்.

கேரள அரசுக்கும் தேவஸ்வம் போர்டுக்கும் உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். தரிசனத்துக்கு ஆன்லைனில் தேதி பதிந்துவிட்டால், அந்தத் தேதி போய்விடுமே என்கிற பயத்தில்தான் குழுக்கள் மழையென்றும் பாராமல் அடித்துப் பிடித்து ஏறுகின்றன. காட்டுவழி மூடிய நாளுக்குப் பதிந்தவர்களுக்கு அடுத்த இரண்டு நாளும் செல்லும் என்று சீசன் தொடங்கும்போதே அறிவித்துவிட்டால், எருமேலியில் படுத்து மழை விட்டதும் நடக்கலாம். எந்தக் குருசாமிக்கும் தன் கூட்டத்திடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரும்.

இந்த வருடம் கார்த்திகை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அந்த ஒரு வரிக்கு இடம் ஒதுக்குவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

சுவாமி சரணம்.

இப்படிக்கு,
பெரியபாதைக் குருசாமி ஒருவர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.